பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க

மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பிலும் களத்திலும் பழைய வில்லிஸ், மஹிந்திரா சி.ஜே. 3பி நிறையவே நிற்கிறது. வைத்திருப்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: எஞ்சின் முழுசும் மாற்றாமல், டீசல் ஹெட்டும் பம்பும் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலும் மட்டும் வாங்கிப் போட்டு இருக்கிற பெட்ரோல் பிளாக்கை அப்படியே டீசல் ஆக்க முடியாதா? முடியாது. சி.ஜே. 3பி-யில் இருப்பது ஹரிக்கேன் எஃப்-134, 2.2 லிட்டர். அதில் இன்டேக் வால்வு ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு மேலே எழும்ப இடம் விட்டாக வேண்டும் என்பதால் எரியும் அறையை ஓர் அளவுக்கு மேல் சுருக்க வழியே இல்லை. அந்த எஞ்சினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றைச் சுருக்குகிற விகிதம், 7-க்கு 1 என்ற அளவில் நிற்கும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 16-க்கு மேல் வேண்டும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சூடாக்குகிற ஹீட்டர் பிளக் வைத்த பழைய எஞ்சின்களில் 20-ஐயும் தாண்டும். போதாததற்கு, கிராங்கைத் தாங்குவது மூன்றே மூன்று மெயின் பேரிங். டீசலின் அடியை அது தாங்காது.

"லேண்ட் ரோவரில் செய்கிறார்களே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அது வேறு கதை. லேண்ட் ரோவரின் நாலு சிலிண்டர் பெட்ரோலும் டீசலும் ஒரே குடும்பம், நிறைய பாகங்கள் பொது. 2,286 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ.; 1984-ல் வந்த 2.5 டீசலில் அது 97 மி.மீ. ஆனது, அடுத்த வருஷமே அதே ஸ்ட்ரோக்கில் 2,495 சி.சி. பெட்ரோலையும் கம்பெனியே இறக்கியது. அங்கேகூட டீசல் பக்கத்திலிருந்து எடுத்தது எஞ்சினைப் பெரிசாக்கத்தான், எரிபொருளை மாற்ற இல்லை. அதைப் படித்துவிட்டு வில்லிஸ் பிளாக்கில் கை வைக்காதீர்கள்.

ஆக, மாற்றினால் செட்டாக மாற்ற வேண்டும். ஒரே டீசல் ஜீப்பிலிருந்து எஞ்சின், பெல் ஹவுசிங், கிளட்ச், கியர் பாக்ஸ், மவுண்டிங் பிராக்கெட், ரேடியேட்டர், ஃபேன் கூடு, ஏர் ஃபில்டர், செல்ஃப், ஆல்டர்னேட்டர், ஆக்சிலரேட்டர் கம்பி வரை மொத்தமாக. எஞ்சின் ஓரிடம், கியர் பாக்ஸ் ஓரிடம், ஃபிளைவீல் இன்னோரிடம் என்று மலிவாகச் சேர்த்தவர்கள் மிச்சம் பிடித்த காசை லேத்துக்காரரிடம்தான் கொடுப்பார்கள்.

செய்யத்தான் வேண்டுமா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். 2014 அக்டோபரில் டீசல் விலையையும் சந்தையிடம் விட்டபிறகு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன்பிருந்த இடைவெளி இல்லை. மாதத்தில் இரண்டு தடவை தோப்புக்குப் போய்வர மட்டும் வண்டி என்றால் செலவு திரும்பி வராது. இன்னொன்று: 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதி 50 வருஷத்துக்கு மேலான, அசல் நிலை கெடாத வண்டிகளுக்குத்தான். உங்கள் ஜீப்பில் அசல் ஹரிக்கேன் எஞ்சின் ஓடுகிற நிலையில் இருந்தால், என்னைக் கேட்டால், அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பிளாக் வெடித்தது, யாரோ கார் எஞ்சின் வைத்துக் கெடுத்தது, பாகம் பாதி காணாமல் போனது, இந்த மாதிரி வண்டிதான் டீசலுக்குச் சரியான ஆள். தினமும் வேலைக்கு எடுக்கிற வண்டி என்றாலும் சரி.

பேப்பர் வேலை கடைசியில் இல்லை, முதலில். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில் இருக்கிற விவரம் மாறும்படியான மாற்றத்தை அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. எஞ்சின் எண்ணும் எரிபொருளும் இரண்டுமே ஆர்.சி.யில் இருப்பவை. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. எஞ்சின் வாங்க அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய், இந்த வண்டிக்கு இந்த எஞ்சின், இந்த எரிபொருள் என்று சொல்லி, எழுத்தில் அனுமதி கிடைக்குமா, எந்தெந்தப் படிவம் வேண்டும் என்று கேளுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க எப்படியும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும், அப்போது பானெட்டைத் திறந்தால் எஞ்சின் எண் பேசிவிடும். எஞ்சின் கொடுப்பவரிடம் பில்லும், அது இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் சரி, தெரிந்தவர் கொட்டகையில் வாங்கினாலும் சரி, எண் தேய்த்த எஞ்சினைத் தொடவே வேண்டாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

எந்த எஞ்சின்? நம்ம ஊரில் இதற்கு உடனே வருகிற பதில் பி-275, அதாவது மஹிந்திரா டிராக்டரின் டீசல் எஞ்சின். டிராக்டர் மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், பார்ட்ஸ் தஞ்சாவூரில் கிடைக்கும், எஞ்சின் சாகாது. எல்லாம் உண்மை. ஆனால் டிராக்டரிலிருந்து இறக்கிய எஞ்சினை அப்படியே ஜீப்பில் வைக்காதீர்கள். பெரும்பாலான டிராக்டரில் தனியாகச் சேசிஸ் கிடையாது, எஞ்சினும் கியர் ஹவுசிங்கும்தான் வண்டியைத் தாங்கும். அதனால் சம்ப்பும் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) மவுண்டிங்கும் வேறு மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம், பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்குப் பக்கத்திலேயே மூச்சைப் பிடித்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சி.ஜே. 3பி-யின் ஆக்சில் விகிதம் 5.38, அதாவது ஷாஃப்ட் அத்தனை தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். அசல் 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். டாப் கியரில் 2,000-ஐ 5.38-ஆல் வகுத்து 2.2-ஆல் பெருக்கினால் நிமிஷத்துக்கு 818 மீட்டர், அதாவது மணிக்கு 49 கிலோமீட்டர். தஞ்சாவூர் பைபாஸில் பின்னால் வருகிற பஸ் ஹாரனை விட்டுக் கையை எடுக்காது. அதே வம்சத்தில் ஜீப்புக்கென்று வந்த எஞ்சின் இருக்கிறது. 2,523 சி.சி. டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) எஞ்சினின் ஸ்ட்ரோக்கும் 4 அங்குலம்தான், கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும், ஹீட்டர் பிளக் தொல்லை இல்லை. வேறு வம்சத்தில் இன்னொன்று, மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பில் வந்த பெஜோ எக்ஸ்.டி.பி., 2,112 சி.சி. அது இதைவிட மென்மை, சுற்றும் கூடுதலாக ஏறும், ஆனால் ஹீட்டர் பிளக் வேண்டும், சூடேறிவிட்டால் ஹெட்டுக்கு ஆகாது. வயல் வேலை, டிரெய்லர், கொள்ளிடக் கரை என்று ஓடுகிறவர்களுக்கு நான் டி.ஐ.யைத்தான் சொல்வேன். கும்பகோணம், திருச்சி என்று ரோட்டில் ஓடுபவர் பெஜோவைப் பார்க்கலாம்.

எஞ்சினை வண்டியில் இருக்கும்போதே, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள், டீ குடித்துவிட்டுக் காத்திருந்து மறுபடி பாருங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தால் லேசான மூச்சு வரலாம், குப்குப் என்று புகை அடித்தால் ரிங் போய்விட்டது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஷன் பார்ப்பதென்றால் டீசலுக்கான கேஜ் வேண்டும், பெட்ரோல் கேஜின் முள் முட்டி நின்றுவிடும். பம்பையும் நாசிலையும் எப்படி இருந்தாலும் ஒரு தடவை பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்து அளந்து வாங்குவது நல்லது.

பழைய எஞ்சினைக் கழற்றுவது ஒரு நாள் வேலை. பானெட், ரேடியேட்டர், முன் கிரில் எடுத்துவிட்டால் செயின் பிளாக்கில் நேராகத் தூக்கிவிடலாம். தூக்குவதற்கு முன்னால் அளவெடுங்கள்: கிராங்க் புல்லியின் நடு சேசிஸ் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு உயரம், கியர் பாக்ஸ் பின்முனை எங்கே நிற்கிறது, எஞ்சின் பின்பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது. சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் போதும், எழுதி வையுங்கள். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். அதை வெளியே எடுத்து, காலி பண்ணி, கழுவி, காற்றாட விட வேண்டும். ரிட்டர்ன் லைனுக்கு ஒரு குழாய் பற்றவைக்க வேண்டியிருக்கும், காலி டேங்கில் மிச்சமிருக்கிற பெட்ரோல் ஆவி முழு டேங்கைவிட ஆபத்து. இந்த வேலை தெரிந்த டேங்க் பட்டறையில் மட்டும் கொடுங்கள்.

சி.ஜே. 3பி-யின் பானெட் மற்ற வில்லிஸ்களைவிட உயரமாக இருப்பதற்குக் காரணமே ஹரிக்கேனின் உயரமான ஹெட்தான். அந்த உயரம் இப்போது நமக்குக் கை கொடுக்கும். தாழ்ந்த பானெட் 3ஏ என்றால் ஏர் ஃபில்டரை ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோக வேண்டியிருக்கும். மேலே இடம் இருக்கும்போது எஞ்சினைத் தாழ்த்தி வைக்க ஆசைப்படாதீர்கள், பிரச்சினை கீழே. முன் டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் சம்ப்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளி வண்டி நிற்கும்போது நாலு விரல் தெரியும், பள்ளத்தில் விழுந்தால் ஒன்றுமே இருக்காது. எனக்குத் தெரிந்த டிராக்டர் மெக்கானிக் ஒருவர் செய்கிற வழி இது. எஞ்சினைத் தற்காலிகமாக மரக்கட்டையில் நிறுத்திவிட்டு, வயலிலிருந்து பிசுபிசுப்பான களிமண் ஒரு உருண்டை கொண்டுவரச் சொல்லி டிஃபரன்ஷியல் மேல் அப்புவார். அப்புறம் முன் ஸ்பிரிங்கில் மெயின் பட்டையை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றி, ஆக்சில் சேசிஸில் இருக்கிற ரப்பர் முட்டும் வரைக்கும் ஜாக்கியால் ஏற்றுவார். இறக்கிப் பார்த்தால் களிமண்ணில் சம்ப்பின் அச்சு விழுந்திருக்கும், மிச்சம் எவ்வளவு தடிமன் இருக்கிறதோ அதுதான் உண்மையான இடைவெளி. "தம்பி, அரை அங்குலத்துக்குக் கீழ இருந்தா எஞ்சினைத் தூக்கு, இல்லன்னா சம்ப்ப வெட்டு. ஸ்பிரிங் பாத்துக்கும்னு மட்டும் நெனைக்காத" என்பார். சம்ப்பை வெட்டி ஒட்டினால் உள்ளே ஆயில் உறிஞ்சுகிற சல்லடைக்கும் அடித்தகட்டுக்கும் இருக்கிற தூரம் குறையாமல் பாருங்கள்.

மவுண்டிங்கைச் சேசிஸில் நேராகப் பற்றவைக்கிற பழக்கம் இங்கே நிறைய. டீசலின் அதிர்வில் அந்த வெல்டிங்கின் ஓரத்தில்தான் சேசிஸ் கீறும், அதுவும் வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் துருப்பிடித்த சேசிஸ் என்றால் கேட்கவே வேண்டாம். தடிமனான தகட்டில் பிராக்கெட் செய்து, சேசிஸின் பக்கவாட்டில் போல்ட் போட்டு, நடுவில் டீசல் வண்டியின் ரப்பரையே வையுங்கள். எஞ்சினின் எந்தப் பக்கத்தில் எக்ஸாஸ்ட், எந்தப் பக்கத்தில் செல்ஃப் என்று பார்த்து, ஸ்டேரிங் ராடும் பாக்ஸும் அதற்கு இடிக்காத இடத்தை முடிவு செய்த பிறகுதான் கடைசி போல்ட் துளை.

கியர் பாக்ஸ் விஷயம் கொஞ்சம் நுணுக்கம். பழைய டி-90 மூன்று கியரையே வைத்துக்கொண்டு, நடுவில் அடாப்டர் பிளேட் போட்டு டீசலை மாட்டலாம். செலவு குறைவு, ஆனால் பிளேட்டின் துளை கிராங்கின் மையத்தோடு துல்லியமாக ஒத்திருக்க வேண்டும். ஃபிளைவீலில் டயல் கேஜ் மாட்டி ஒரு சுற்று சுற்றினால் பெல் ஹவுசிங் துளையில் ஆட்டம் 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதைச் செய்து காட்டாத லேத்தில் வேலை கொடுக்காதீர்கள். மையம் விலகினால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது, அப்புறம் கியர் தானாக நழுவும், முன் பேரிங் கத்தும், பைலட் புஷ் பொடியாகும். டீசலோடு வந்த நாலு கியர் பாக்ஸை அதே பெல் ஹவுசிங்கோடு வைத்தால் இந்தத் தலைவலி கிடையாது. பதிலுக்கு வேறொன்று வரும்: நீளம். சி.ஜே. 3பி-யின் வீல்பேஸ் 80 அங்குலம், எம்.எம். 540-க்கு 91. முன் பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளினால் ஏற்கெனவே குட்டையான பின் ஷாஃப்ட் இன்னும் குட்டையாகும், அதன் சாய்வு கூடும், ஜாயிண்ட் கிராஸ் அடிக்கடி போகும். முடிந்த மட்டும் எஞ்சினை முன்னால் நகர்த்தி ரேடியேட்டரை முன் கிரில்லோடு ஒட்டி வையுங்கள். இரண்டு ஷாஃப்ட்டையும் வெட்டி நீளம் மாற்றும்போது பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 5.38. டீசலை வசதியாக 3,000 சுற்றில் ஓட்டினாலும் அந்த விகிதத்தில் 74 கிலோமீட்டர்தான் வரும். வயலுக்கும் கரைக்கும் அதுவே போதும், லோ கியரில் சேடை வயலில்கூட ஊர்ந்து போகும். ரோடும் வேண்டும் என்றால் பிந்தைய மஹிந்திரா ஜீப்புகளின் 4.88 அல்லது 4.27 கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கிற பல்சக்கர ஜோடி) தேடுங்கள், 3,000-ல் முறையே 81-ம் 93-ம் வரும். வாங்கும்போது பல் எண்ணுங்கள்: 43-க்கு 8 என்றால் 5.38, 39-க்கு 8 என்றால் 4.88. முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருந்தே ஆக வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீல் போட்டால் ஏதாவது ஒன்று உடையும். ஸ்பீடோமீட்டர் அதன்பிறகு குறைத்துக் காட்டும், அதற்கான சின்னப் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும்.

ரேடியேட்டர் டீசல் வண்டியுடையதே, ஃபேன் கூட்டோடு. கூடு இல்லாவிட்டால் மெதுவாகப் போகும்போது ஃபேன் அதே சூட்டுக் காற்றைத்தான் சுற்றும். நம்ம ஊருக்கு இன்னொரு தொல்லை, மாசி பங்குனியில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்கள், அதன்மேல் ஓட்டினால் கொடி ஷாஃப்ட்டில் சுற்றி, சூடான எக்ஸாஸ்ட் பைப்பைத் தொடும். வைக்கோலும் அப்படித்தான். எக்ஸாஸ்ட் பைப்பை ஷாஃப்ட்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள், ரேடியேட்டர் முன்னால் கழற்றிக் கழுவுகிற மாதிரி ஒரு கொசுவலைத் தகடு வையுங்கள், அந்தச் சீசனில் வீட்டுக்கு வந்ததும் குனிந்து ஒரு தடவை கீழே பாருங்கள்.

வயரிங்கில் காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர் எல்லாம் வெளியே. பழைய 6 வோல்ட் வண்டி என்றால் விளக்கு, ஹாரன் உட்பட எல்லாம் 12-க்கு மாற வேண்டும். பேட்டரி டீசல் ஜீப்புக்குரிய அளவு, எஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தடிமனான எர்த் பட்டை. செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன்னால் இந்தப் பட்டையைப் பாருங்கள். சாவியைத் திருப்பினால் மெக்கானிக்கல் பம்ப் டீசல் நிற்காது, ஸ்டாப் கேபிளோ சோலனாய்டோ வேண்டும், அது டிரைவர் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். அப்புறம் வேக்குவம். பெட்ரோல் எஞ்சினில் இன்டேக்கில் தானாக வேக்குவம் கிடைக்கும், டீசலில் கிடைக்காது. பழைய சி.ஜே. 3பி-யின் வைப்பர் வேக்குவத்தில் ஓடுவது, ஐப்பசி மழையில் அது நின்றுபோனால்தான் பலருக்கு நினைவு வரும். எலெக்ட்ரிக் வைப்பர் மோட்டார் போட்டுவிடுங்கள். வேக்குவம் பம்ப் பின்னால் இணைந்த ஆல்டர்னேட்டரை வாங்கினால் பிரேக் பூஸ்டரும் வைக்கலாம், வைப்பதுதான் நல்லது. எடை கூடியிருக்கிறது, பழைய டிரம் பிரேக் அதற்குச் செய்ததில்லை.

கடைசியாக டீசல் லைன். டேங்க், தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர், கைப் பம்ப், மெயின் ஃபில்டர், பம்ப். நாசிலிலிருந்தும் பம்பிலிருந்தும் வழிகிற மிச்சம் ரிட்டர்னில் டேங்குக்குத் திரும்ப வேண்டும். பேரலில் வைத்திருந்து ஊற்றுகிற வீடு என்றால் தண்ணீர் ஃபில்டரை வாரா வாரம் திறந்துவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் காற்று எடுக்க வேண்டும். ஃபில்டர் மேல் இருக்கிற ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப் பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் வெறும் நுரை, அப்புறம் நுரையும் டீசலுமாகச் சீறும், கொஞ்ச நேரத்தில் குமிழே இல்லாமல் கண்ணாடி மாதிரி வழியும். அடிக்கிற கையை எடுக்காமலே ஸ்குரூவை இறுக்குங்கள். அடுத்து பம்பில் இருக்கிற ஸ்குரூ, அதே மாதிரி. பிறகு நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்று விட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க, நட்டில் டீசல் துளித்ததும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அந்த நேரத்தில் விரலை நாசில் பைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள்ளேயே புகும்.

பக்கத்தில் ஒரு பலகைத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் ராடு சிக்கியோ ஆயில் உள்ளே போயோ எஞ்சின் கட்டுமீறி ஏறினால், ஸ்டாப் கேபிள் கேட்காது, ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிப் பலகையால் வாயை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்கக் கூடாது.

ஓட ஆரம்பித்ததும் சூடேறும் வரை ஐடிலில் விட்டு, ஆயில் பிரஷரையும் கசிவையும் பாருங்கள். ஆயில் டீசலுக்கானது, 15டபிள்யூ-40. முன் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடச் சேர்த்தால் நிமிரும், அப்படிச் சேர்த்த பிறகு ஸ்டேரிங் கோணம் மாறியிருக்கும் என்பதால் அலைன்மென்ட் மறுபடி. முதல் 500 கிலோமீட்டரில் மவுண்டிங் போல்ட், பெல் ஹவுசிங் போல்ட், ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் இரண்டு தடவையாவது ஸ்பானர் போட்டுப் பார்க்க வேண்டும், ஹெட் கேஸ்கட் புதுசு என்றால் அந்த எஞ்சினுக்குச் சொன்ன அளவில் ஹெட் போல்ட்டும் டேப்பட்டும். அது முடிந்து கசிவும் நின்றபிறகு வண்டியைக் கழுவி, எஞ்சின் எண் தெரிகிற மாதிரி துடைத்து, பில்லையும் அனுமதிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டப் போகலாம்.